அம்மாவின் நாக்கு என்ன நிறம்

கடக்.

குறிகட்டுவான் துறையில் ஒரு முற்பகல். யாழ்ப்பாண பஸ் எங்களை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. நயினாதீவு வள்ளம் இன்னும் இந்தக் கரைக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த மனுசி மடியை அவிழ்த்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். காய்ந்த பாக்கு. ஒரே அழுத்து.

கடக்.

சில சத்தங்கள் காதில் நிற்பதில்லை. இது நேரே என் நாக்குக்கு வந்தது. சுண்ணாம்பின் சுள்ளென்ற கடி, பாக்கின் துவர்ப்பு, பிறகு அந்தச் சிவப்பு. நான் வெற்றிலை போடுவதில்லை. ஆனால் அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். வெகுகாலத்துக்கு முன் அது எங்கள் வீட்டில் மூன்று பேரை ஏமாற்றியது. ஒருவர் என் அம்மா, நாக்குக்குச் சொந்தக்காரி. அடுத்தவள் என் மச்சாள், நாக்கைப் பார்க்கப் படித்தவள். மூன்றாவது நான், எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரிந்தவள்.

சென்ற கிழமைப் பத்தியில் அப்பாவின் வள்ளத்தைப் பாதிக் கடலில் விட்டிருந்தேன். அது அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கட்டும். இன்று நாக்கின் கதை.

வாசலில் ஒரு நெளிப்பு

அப்பா காலமாகி ஒரு வருடம் கழித்து அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். சண்டை பிடித்து நிறுத்தவில்லை. மெல்ல மெல்ல. முதலில் இரவுச் சாப்பாடு போனது. பிறகு மத்தியானச் சோறு பாதியானது. பிறகு இரண்டு வாய். “வயிறு எரியுது” என்பார். கோப்பையைத் தள்ளி வைப்பார். சட்டையின் கை தளர்ந்து தளர்ந்து முழங்கைக்கு வந்தது.

பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை என்றார்கள். ஒரு வெள்ளைத் தண்ணீர் மருந்து தந்தார்கள். அம்மா அதைக் குடித்துவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்த வாளியைக் கழுவிக் குடித்ததுபோல இருக்கிறது என்றார்.

நான் அப்போது தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணைக்கு மலாயாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. அவருக்கு எழுதினேன்: “அம்மா உருகிக்கொண்டு போகிறா. வந்து பாருங்கோ.” அண்ணை எட்டு மாத லீவு எடுத்துக்கொண்டு வந்தார். மாசிக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். அம்மா இப்படியே இருந்தால் நான் திரும்பப் போகமாட்டேன் என்று வந்த அன்றே சொன்னார். வேலை போனால் எங்கள் எல்லாருக்கும் என் ஆசிரியைச் சம்பளந்தான். ஆகவே அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தொங்கியது. அதில் நாங்கள் போட்ட சோற்றை அம்மா முடிப்பாரா, மாட்டாரா?

அண்ணை தனியே வரவில்லை.

மலாயாவில் ஒரு சீன மருந்துக்கடைக்காரரின் மகளை அவர் கலியாணம் முடித்திருந்தார். கடிதத்தில் அறிவித்தார். அம்மா அந்தக் கடிதத்தைச் சீனிப் பேணிக்குக் கீழே வைத்துவிட்டு ஆட்டுக்குக் குழை போடப் போனார்.

பெயர் மெய்லான். தகப்பனின் கடைக்கு இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ் அவளிடம் இருந்தது. கடைக்குப் பின்னறையில் தகப்பன் நோயாளிகளைப் பார்ப்பார். சுவர் முழுக்க இழுத்துத் திறக்கும் லாச்சிகள், லாச்சி முழுக்க வேர்கள். அவள் அவற்றை நிறுத்துக் கட்டிக் கொடுத்து வளர்ந்தவள். நோயாளி வந்ததும் முதலில் நாக்கு, பிறகு இரண்டு மணிக்கட்டு, பிறகு என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அது.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா ஆராத்தித் தட்டோடு வாசலில் நின்றார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால். மெய்லான் படலையைத் தாண்டி வந்தாள். சிவப்புச் சேலை, கையில் ஒரு தகரப் பெட்டி. அம்மாவின் முகத்தைக் கண்டாள். ஒட்டிய கன்னத்தையும் உதட்டின் நிறத்தையும் கண்டாள். கும்பிட வேண்டும், காலில் விழ வேண்டும் என்று அண்ணை வழி முழுக்கச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பறந்துவிட்டது.

“மாமி, கொஞ்சம் நாக்கை நீட்டுங்க.”

அம்மா விளங்காமல் நின்றார். உதவி செய்கிற நினைப்பில், எப்படி என்று காட்ட, அவள் தன் நாக்கை முழுதாக வெளியே நீட்டினாள்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு நாக்கை நீட்டுவது நெளிப்புக் காட்டுவது. சின்னப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் செய்கிற வேலை. மருமகள் மாமியாருக்கு, வந்திறங்கிய வாசலில், ஆராத்திக்கு முன்னால் நின்று செய்கிற வேலை அல்ல.

“எடி பொன்னம்மா, பாத்தியே! என்ர வாசல்ல நிண்டு எனக்கே நெளிக்கிறாளடி!”

“அம்மா, அவ அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை...” என்று அண்ணை தொடங்கினார்.

“நீ பேசாமல் நில் தம்பி. நெளிக்க எனக்கும் தெரியும்!”

அம்மா நீட்டினார். மாதக் கணக்கில் சாப்பிடாத மனுசிக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. காலையில் போட்ட வெற்றிலையில் ஊறிய நாக்கு நாடிவரைக்கும் தொங்கியது. காளி கோயில் சுவரில் கண்ட சிவப்பு. பொன்னம்மாக்காவின் கையில் ஆராத்தித் தண்ணீர் தளும்பியது. எனக்குச் சிரிப்பு முட்டி மூச்சு நின்றது.

மெய்லான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சரித்து, தந்தி வாசிக்கிறவளைப்போல, அந்த நாக்கைக் கவனமாகப் பார்த்தாள்.

எல்லாரும் சேர்ந்து விட்ட பிழை

“நல்ல சிவப்பு. உள்ள சூடு இருக்கு” என்று அவள் குசினிக்குள் வைத்து எனக்குச் சொன்னாள்.

அதைத்தான் ஊரும் சொன்னது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் பித்தச் சூடு என்றார். பொன்னம்மாக்கா வயிற்றுச் சூடு என்றார். எரிகிறது என்று அம்மாவே சொல்கிறார், வேறென்ன வேண்டும்? சீனமும் நயினாதீவும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டன. எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகவே குளிர்மை. ஏற்கெனவே காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர், பத்து மணிக்கு இளநீர், மத்தியானம் மோர், பிறகு ஊறவைத்த வெந்தயம், வெள்ளரிப்பிஞ்சு, காலமென்றால் நுங்கு. இதற்கு மேல் மச்சாளின் தகரப் பெட்டியிலிருந்து காய்ந்த செவ்வந்திப் பூ வந்தது. அதை ஊறவைத்து ஆறவிட்ட தண்ணீர். பாசிப்பயற்றுக் கஞ்சி, அதுவும் ஆறவிட்டு.

அவளுடைய கையால் அம்மா ஒன்றும் வாங்கமாட்டார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

“ஆர் காய்ச்சினது?”

“நான்தான்.”

அப்படி எத்தனை பொய். ஒவ்வொரு பொய்யும் ஒரு கோப்பை.

விடியற்காலையில் எழும்பியதும் மண்பானைத் தண்ணீர் ஒரு செம்பு அண்ணாந்து குடிப்பது அம்மாவின் பழைய பழக்கம். அதையும் இரண்டு செம்பாக்கச் சொன்னோம். அண்ணை, மச்சாள், நான் மூன்று பேரும் ஒற்றுமையாக நின்று அம்மாவின் வயிற்றில் தண்ணீர் ஊற்றினோம். கிண்ணம் நிறையப் போட்ட சோறு அநேகமாகக் கிண்ணம் நிறையவே திரும்பி வந்தது.

ஒரு சட்டிக்குள் இரண்டு நாடு

இடையில் கொஞ்சம் சிரிக்க விடுங்கள். அந்தச் சோளகக் காற்று மாதங்களில் சிரிப்புக்கும் குறைவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவளுக்கு மச்சாள், அவள் எனக்கு மச்சாள். இரண்டு பக்கமும் ஒரே சொல்லால் கூப்பிடலாம் என்பது அவளுக்குத் தீராத அதிசயம். கிணற்றடியிலிருந்து “மச்சாள்!” என்பாள். நான் குசினியிலிருந்து “என்ன மச்சாள்?” என்பேன். ஒன்றுமில்லை, சும்மா என்பாள். அம்மாவோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. “மேயோ? மாடு மேயுறமாதிரி என்ன பேர் அது?” என்றார் ஒருநாள். ‘உவள்’ என்பார். ‘தம்பியின்ர பெஞ்சாதி’ என்பார். எங்கள் வீட்டில் ‘பிள்ளை’ என்றால் நான் மட்டுந்தான்.

ஒருநாள் பொன்னம்மாக்கா கையைச் சொறிந்துகொண்டு வந்தார். “இறாலும் கத்தரிக்காயும் சேத்துத் திண்டிட்டன். ரெண்டும் கிரந்தி.”

“கிரந்தி எண்டா?” என்றாள் மச்சாள். அதற்குள் ‘எண்டா’ வந்துவிட்டிருந்தது.

உடம்பில் அடங்கிக் கிடக்கிறதைக் கிளப்பிவிடுகிற சாப்பாடு என்று விளக்கினேன். புண் இருக்கிறவர், சொறி இருக்கிறவர் தொடக்கூடாது. அவள் துள்ளி எழுந்தாள். தகப்பனின் கடையில் இதற்கென்றே ஒரு சொல் உண்டாம். கிளப்பிவிடும் பொருள் என்று அர்த்தமாம். இறால், நண்டு, சில மீன், சில இறைச்சி என்று பட்டியலும் எங்கள் பட்டியலாம். கடல் கடந்து வந்து சொந்தக்காரரைக் கண்டதுபோல அன்று முழுக்கக் கிரந்தி, கிரந்தி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள் மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுப்பதும், அவர்கள் இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுக் கோழி கொடுப்பதும் ஒரே யோசனைதான் என்றாள். அம்மா கேட்காத மாதிரி இருந்து கேட்டார்.

நண்டில் மட்டும் இரண்டு நாடும் முறிந்தன.

“நண்டு குளிர்” என்றாள் மச்சாள்.

பொன்னம்மாக்கா நண்டுக் காலைக் கையில் வைத்தபடி, “மெய்யே? நண்டு குளிரோ? சளி பிடிச்சவனுக்கு நாங்கள் குடுக்கிறது நண்டுக் குழம்பெல்லே!” என்றார்.

“தண்ணிக்குள்ள, சேத்துக்குள்ள கிடக்கிறது எப்பிடிச் சூடாகும்? இஞ்சி போட்டுத்தான் சமைக்கவேணும்.”

அம்மா அவளோடு நேரே பேசமாட்டார். அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, உன்ர பெஞ்சாதிக்குச் சொல்லு. நண்டு திண்டு வேர்க்கிறது எனக்கு. அவளுக்கில்லை.”

“அது நண்டில்லை மாமி, மிளகாய்த்தூள்!”

“ஒரு சட்டிக்க ரெண்டு நாடு கொதிக்குது. நான் வெறும் சோறு சாப்பிடுறன்” என்று அண்ணை கோப்பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

கடற்கரையில் வெளியூர்க்காரர் கடலட்டை அவித்துக் காயப்போட்டிருந்ததை அவள் கண்ட நாளும் நினைவிருக்கிறது. நோயில் மெலிந்தவருக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை, மாமிக்குச் சமைப்போம் என்று ஓடிவந்தாள். “இந்த வீட்டில அந்தப் பேரையும் எடுத்துப்போடாதையும். மிச்சமிருக்கிற ரெண்டு வாயும் நிண்டுபோம்” என்று அண்ணை கும்பிட்டார்.

பிறகு காற்று. சோளகம் எழும்பினால் எங்கள் தீவில் மனிதர் சரிந்துதான் நடப்பார்கள், பனைகள் மாதிரி. நோய்களுக்கெல்லாம் வழிகாட்டி வருகிற ஆள் காற்றுத்தான், பிடரியில் அதற்கு ஒரு கதவு இருக்கிறது என்று அவளுடைய தகப்பன் படிப்பித்திருந்தாராம். அவள் பிடரியைத் துவாயால் மூடித் திரிவாள். “சீனத்திக்கு இந்த வெயிலிலயும் குளிருதாம்” என்று ஊர் சிரித்தது. அடுத்த சோளகத்தில் வள்ளத்தில் போகும்போது பார்த்தேன். பொன்னம்மாக்கா சேலைத் தலைப்பால் பிடரியை மூடிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலை

மாரி தொடங்கியது. கந்தசஷ்டி வந்தது.

“இந்த முறை விரதம் வேண்டாம் அம்மா” என்றேன்.

“சாப்பிடாமல் இருக்கிறதுதானே விரதம். வருசம் முழுக்க இருக்கிறன், ஆறு நாள் முருகனுக்காக இருந்தா என்ன?” என்றார்.

மிளகும் தண்ணீருமாக இருந்தார். விரதமென்றால் வெற்றிலை இல்லை. பாக்குவெட்டி ஆறு நாளும் மாடத்தில் வாய் மூடிக் கிடந்தது.

ஆறாம் நாள் காலை அம்மா எழும்பவில்லை. கிணற்றடிக்கு வரவில்லை. ஒவ்வொரு காலையும் உமிக்கரியால் பல் விளக்கி, ஈர்க்கை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிப்பவர், அன்று பாயிலேயே கிடந்தார். மழை ஓலையில் பெய்துகொண்டிருந்தது. நான் வாய் நனைக்கத் தண்ணீர் கொண்டுபோனேன். அம்மா வாயைத் திறந்தார்.

சிவப்பு இல்லை.

வெளிறிப்போய், வீங்கி, மேலே ஈரமான வெள்ளைப் படை. இரண்டு ஓரத்திலும் பற்கள் பதிந்த தடம் வரிசையாக. பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது அவிப்போமே பல்லுக்கொழுக்கட்டை, அதன் ஓரம் அப்படியே.

“மச்சாள்!” என்று கத்தினேன். அது ‘ஒன்றுமில்லை, சும்மா’ அல்ல என்று அவளுக்குக் குரலிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

வந்தாள். குனிந்து பார்த்தாள். அம்மாவுக்குத் தடுக்கப் பலமில்லை. இடக்கையைப் பிடித்தாள், மூன்று விரலை வைத்தாள். பிறகு வலக்கையையும் எடுத்தாள். “பொம்பிளைக்கு இடக்கைதான் பாக்கிறது” என்று அம்மா முனகினார். “எங்கட அப்பா ரெண்டும் பாப்பார் மாமி” என்றாள்.

பார்த்து முடித்து, வெறும் நிலத்தில் இருந்துவிட்டாள். மாடத்துப் பாக்குவெட்டியைப் பார்த்தாள். அம்மாவின் நாக்கைப் பார்த்தாள். முகம் சுண்டியது. உணவாலும் நிறம் ஏறும், பூசிய நாக்கை நம்பாதே என்று தகப்பன் ஆயிரம் தரம் சொல்லியிருந்தாராம். மலாயாவிலும் வெற்றிலை போடுகிற கிழவிகள் வந்தார்கள், தகப்பன் அவர்களைக் காலையில் வெறும் வாயோடு வரச் சொல்வாராம். வாசலில் அவமானப்பட்ட பதற்றத்தில் அவள் அதை மறந்துபோனாள். பிறகு அந்த நாக்கை இரண்டாம் தரம் காட்டச் சொல்ல அவளுக்கு வாயும் வரவில்லை, எங்களுக்குத் துணிவும் வரவில்லை.

“மாமி, நான் பிழை விட்டனான்” என்றாள். “உங்களுக்குச் சூடு இல்லை. குளிர். நாலு மாசமாப் பிழையான சாப்பாடு தந்திருக்கிறன். பூத்தண்ணி, பயத்தங்கஞ்சி எல்லாம் நான் காய்ச்சினது. மச்சாள் காய்ச்சினதில்லை.”

மழை பெய்தது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் என் பொய்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

“பரியாரியார் முப்பது வருசமா இந்த வீட்டுக்கு வாறார்” என்றார் அம்மா கடைசியில். “ஒருக்காலும் பிழை விட்டதெண்டு சொன்னதில்லை.”

அவள் தலையைக் குனிந்தாள்.

“நீ வந்து ஆறு மாசம் முடியேல்லை. சொல்லிப்போட்டாய்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “சரி, இப்ப என்ன செய்யப்போறாய்?”

‘நீ’ என்று நேரே அவளைப் பார்த்துச் சொன்ன முதல் நாள் அது.

எரியிறதில்லை, புகையிறது

“அப்ப ஏன் எரியுது? குளிரெண்டா எரியுமே?” இது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்வி.

மச்சாள் அவரைக் கைத்தாங்கலாகக் குசினிக்குக் கொண்டுவந்தாள். மாரியில் நனைந்த பனம்மட்டையை அடுப்பில் வைத்திருந்தேன். புகை கண்ணைக் கரித்தது.

“மாமி, வயிறு ஒரு பானை. கீழ அடுப்பு. பானைக்குள்ள பச்சைத்தண்ணி ஊத்தி ஊத்தி, அடுப்பும் நனைஞ்சுபோச்சு. இஞ்ச பாருங்கோ, இதில நெருப்பு இருக்கோ?”

“எங்க இருக்கு? புகைதான்.”

“கண் எரியுதோ?”

“எரியாமல்?”

“அதுதான் உங்கட நெஞ்சிலயும். எரியிறதில்லை, புகையிறது.”

வாழ்நாள் முழுக்க ஈர விறகோடு சண்டை பிடித்த மனுசிக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. குனிந்து ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார். எனக்கென்னவோ தன் வயிற்றையே ஊதுவதுபோல இருந்தது.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதங்களில் அவள் சொல்லி நான் கேட்டவை இன்றும் என் சமையலுக்குள் நிற்கின்றன. பச்சையாக, ஆறியதாக ஒன்றும் வேண்டாம். புழுங்கலரிசி குழையக் குழைய வெந்த கஞ்சி, அதில் தட்டிய இஞ்சி, ஆவி பறக்க. வேர்க்கொம்பு, அதாவது சுக்கு, அவித்த தண்ணீர். அவள் பெட்டியில் கொண்டுவந்த காய்ந்த தோடம்பழத் தோல் ஒரு துண்டு, வயிற்றில் தேங்கிய காற்று இறங்க. முதல் கிழமை நாலு கரண்டி, நாளுக்கு ஐந்து தரம். வயிறு கேட்கும்வரை கூட்டாதே. விடியற்காலைச் செம்புத் தண்ணீர் அறவே கூடாது.

“ஒரு மிடறு?” என்றார் அம்மா.

“இல்லை மாமி.”

“முருகனுக்கே மூண்டு மிடறு குடிச்சு விரதம் பிடிச்சனான். உனக்கு ஒரு மிடறு குடுக்க மனமில்லை.”

வெற்றிலை விஷயத்தில் இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்தார்கள். வெற்றிலையை விடவேண்டியதில்லை. ஆனால் காலையில் ஈர்க்கை எடுக்க முன்னர், பாக்கு வெட்ட முன்னர், கிணற்றடியில் வைத்து நாக்கைக் காட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் எங்கள் கிணற்றடியில் மாமியார் மருமகளுக்கு நாக்கை நீட்டினார். வேலிக்கு அப்பால் பொன்னம்மாக்கா, “இண்டைக்கும் சண்டையோ?” என்பார். “இல்லையடி, வைத்தியம்” என்பார் அம்மா, நாக்கை உள்ளே இழுத்து.

இன்னொன்று. மச்சாளின் தகப்பனுடைய கணக்கில் சாப்பாட்டைச் சமிக்கவைப்பது வயிறு மட்டும் அல்ல, பக்கத்தில் இருக்கிற மண்ணீரலும். அது சோற்றை மட்டுமல்ல, யோசனையையும் அரைக்க வேண்டியிருக்கிறதாம். ஒரே யோசனையைத் திருப்பித் திருப்பி அரைத்தால் சோற்றுக்கு அதனிடம் பலம் இராது.

“என்ன யோசிக்கிறீங்கள் மாமி, சாப்பிடேக்க?”

அம்மா குசினி வாசலைப் பார்த்தார். நானும் அண்ணையும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பா இருந்தவரை, அம்மா எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும்போது அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு குசினி வாசலில் குந்துவார். கடல் கதை சொல்வார். அவர் போன பிறகு அம்மா தனியே சாப்பிடுகிறார் என்பதை நாங்கள் இருவரும் கண்டதில்லை. தினமும் பார்த்தும் கண்டதில்லை.

மறுநாள் மச்சாள் தன் கோப்பையோடு அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். கதை சொல்லவில்லை. கஞ்சியை ஊதி ஊதிச் சத்தமாக உறிஞ்சினாள்.

“என்ன சத்தமடி இது?”

“எங்கட ஊரில இப்பிடித்தான் மாமி. சத்தம் வந்தாத்தான் ருசி.”

“கண்டறியாத ஊர்” என்றார் அம்மா. தன் கிண்ணத்தை எடுத்தார். ஒரு கிழமையில் அந்தக் குசினியிலிருந்து இரண்டு சத்தம் கேட்டது.

தைப்பொங்கலுக்குக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வந்தது. நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடுத்த நண்டுச் சட்டியில் இஞ்சி மணத்தது. “மணத்துக்குப் போட்டனான், நண்டு சூடுதான்” என்றார் அம்மா, யாரும் கேட்காமலே.

கடிதங்களும் ஒரு துறையும்

அம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். மலாயாவுக்கு நான் எழுதிய நீலக் கடிதங்களின் அடியில் அவருக்கென்று ஒரு வரி எப்போதும் உண்டு. ‘நாக்கு இளஞ்சிவப்பு, ஓரம் நேர்’ என்று எழுதச் சொல்வார். மாரியில் ‘கொஞ்சம் வெள்ளை, வேர்க்கொம்பு குடிக்கிறேன்’. கடிதத்தில் வேறு பாசமான வார்த்தை இராது. அங்கிருந்து மச்சாளின் கொட்டை எழுத்துத் தமிழில் பதில் வரும்: ‘நல்லது மாமி. பச்சைத்தண்ணி வேண்டாம்.’ நேரில் மட்டும் அவர்கள் இருவரும் மறுபடி சந்திக்கவில்லை. வேலை, பிள்ளைகள், கப்பல் செலவு, பிறகு காலம்.

குறிகட்டுவானில் பாக்குவெட்டிச் சத்தம் கேட்டபோது எதிர்க்கரையில் நான் கண்டது அவர்கள் புறப்பட்ட மாசிக் காலையைத்தான்.

நயினாதீவுத் துறை. கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. அண்ணை பெட்டிகளை ஏற்றினார். மச்சாள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், இந்த முறை மறக்காமல். அம்மாவின் மடியில் வெற்றிலைப் பை வீங்கியிருந்தது, ஆனால் வீட்டிலிருந்து துறைவரைக்கும் அவர் அதை அவிழ்க்கவேயில்லை. வழியில் பொன்னம்மாக்கா நீட்டிய பாக்கையும் வேண்டாம் என்று தள்ளினார்.

வள்ளம் கயிற்றை விட்டது. இயந்திரம் இருமியது. ஒரு முழம் தண்ணீர், இரண்டு முழம் தண்ணீர்.

“நில்லடா தம்பி!” என்று அம்மா வள்ளக்காரனைப் பார்த்துக் கத்தினார். துறையின் விளிம்புக்கு வந்தார். கோயிலுக்கு வந்த சனம், மீன்கூடைக்காரர், பள்ளிக்கூடத்துச் சகஆசிரியர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து நாக்கை நாடிவரைக்கும் நீட்டினார். வெற்றிலை படாத, ஈர்க்குப் படாத நாக்கு.

“ஐயோ, சனமெல்லாம் பாக்குதெணை!” என்று பொன்னம்மாக்கா முகத்தை மூடினார்.

மச்சாள் வள்ளத்தின் ஓரத்துக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அந்த முதல் நாளைப்போலவே தலையைச் சரித்துப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். வள்ளம் மெல்ல விலகியது.

“என்ன, சொல்லன்!”

“நல்ல நிறம் மாமி! ஓரமும் நேர்!” என்று அவள் கைகளை வாயில் குவித்துக் கத்தினாள். பிறகு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலால், “ஆனா காலமை பச்சைத்தண்ணி குடிச்சிருக்கிறீங்கள்!”

“ஒரு மிடறுதான், பிள்ளை!”